பழைய காரின் பக்கவாட்டில் பெயின்டால் வரைந்த கோடுகளை நீக்கியது: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் கோடும்

இங்கே விவரிக்கப்படும் வண்டி 11 ஆண்டுகள் ஓடிய, அடர்நீல மெட்டாலிக் நிறமுள்ள செடான். அதை வாங்கியபோது எஞ்சினிலோ அடிப்பகுதியிலோ குறை சொல்ல எதுவும் இல்லை. கண்ணை உறுத்தியவை பக்கவாட்டுக் கோடுகள் மட்டுமே. முகப்பு விளக்கின் பின்னாலிருந்து கிளம்பி, கதவுக் கைப்பிடிகளுக்குச் சற்று மேலே ஓடி, பின்விளக்குக்கு ஒரு சாண் முன்னதாக முடியும் இரட்டைக் கோடு. மேல்கோடு ஏறக்குறைய 4 மி.மீ. அகலம், கீழ்க்கோடு 1.5 மி.மீ., இரண்டுக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி, நிறம் சந்தன வெள்ளை. முந்தைய உரிமையாளர் ஆசையாக வரையச் செய்திருக்க வேண்டும். ஆனால் வலது முன்கதவில் ஓரிடத்தில் கை தடுமாறி, இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தொட்டுவிடும் அளவுக்கு நெருங்கியிருந்தன. ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு வண்டியின் அந்தப் பக்கத்தில் வேறு எதையும் பார்க்க முடியாது.

பக்கவாட்டுக் கோடு குதிரை வண்டிக் காலத்திலிருந்து வரும் வழக்கம். பெரிய மரப்பெட்டி போன்ற வண்டிக்கூட்டின் பருமனைக் கண்ணுக்குக் குறைத்துக் காட்டவும், சக்கர ஆரங்களை எடுத்துக் காட்டவும் அன்று கோடு போட்டார்கள். கார் வந்த பிறகும் அது தொடர்ந்தது. ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளுக்கு இன்றும் கையால்தான் கோடு வரைகிறார்கள். இந்த வேலைக்கென்று இருக்கும் அணில்முடித் தூரிகை கத்திபோல நீண்டு சரிந்திருக்கும்; அதிகப் பெயின்ட்டைத் தாங்கி, ஒரே இழுப்பில் நீண்ட தூரம் ஓடும். அதில் கைதேர்ந்தவர் வரைந்த கோடாக இருந்திருந்தால் இந்த ஆய்வே எழுதப்பட்டிருக்காது, நான் அதை அப்படியே விட்டிருப்பேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தவை

கோடு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. ஒன்று வினைல் ஸ்டிக்கர். ஹேர் டிரையரின் சூட்டில் இளக்கி, மூலையைக் கிளப்பி, பசையைத் துடைத்தால் வேலை முடிந்தது. இரண்டாவது, பெயின்டால் வரைந்து அதன்மேல் நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட் அடித்தது. இதை எடுக்க வேண்டுமானால் கிளியர் கோட்டையே அறுத்து இறங்க வேண்டும், அதாவது அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். மூன்றாவது, முழுமையாகக் காய்ந்த கிளியர் கோட்டின்மேல் எனாமலால் வரைந்தது. என்னுடையது எந்த வகை என்று உறுதியாகத் தெரியும்வரை தின்னர் டப்பாவின் மூடியைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஸ்டிக்கர் இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஸ்டிக்கரின் அகலம் நெடுகிலும் மாறாது, முனை கத்தரித்தாற்போல் நேராக இருக்கும், ஓரத்தில் பசையோடு சேர்ந்து அழுக்கு கறுப்பாகக் கோடு கட்டியிருக்கும். இங்கே கோட்டின் அகலம் கதவுக்குக் கதவு சற்று மாறியது. பின்முனை ஊசியாகக் கூர்ந்து, தூரிகையைத் தூக்கிய இடத்தைக் காட்டியது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது கோட்டின் மேற்பரப்பில் தூரிகை முடியின் இழைத்தடங்கள் நீளவாக்கில் தெரிந்தன. கிளியர் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதற்கு நகமே போதும். நகத்தைக் குறுக்காக இழுத்தபோது இரண்டு ஓரங்களிலும் தட்டியது. கீழே புதைந்த கோடாக இருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போயிருக்கும், அல்லது மெல்லிய மேடு ஒன்றை மட்டும் உணர்ந்திருக்கும்.

இவ்வளவும் நல்ல செய்தி. அடுத்ததாகப் பெயின்ட் கனமானியை வைத்து இரண்டு பக்கங்களையும் அளந்தேன். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், தகட்டை ஒட்டிய மின்பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், மேலே கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து, பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான். எழுதும் தாள் ஒன்றின் கனம் சுமார் 100 மைக்ரான் என்று நினைவில் வைத்தால் நாம் எதன்மீது கைவைக்கிறோம் என்பது புரியும். வலது பக்கம் முழுவதும் 108 முதல் 120 வரை காட்டியது. கோட்டின்மேல் வைத்தபோது 140-ஐ ஒட்டி நின்றது. ஆக, கோட்டின் கனம் 25 மைக்ரான் அளவில்.

இடது பக்கத்தில் முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடான ஃபெண்டரும் முன்கதவும் அதே கணக்கில் வந்தன. பின்கதவில் மட்டும் கருவி 235 முதல் 260 வரை காட்டியது. பட்டி பார்த்த இடமாக இருந்தால் எண் இதைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். ஆகவே ஒடுக்கு எதுவும் எடுக்கப்படவில்லை, கீறலோ உரசலோ ஏற்பட்டு அந்தக் கதவு மட்டும் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கதவின் கோட்டை மீண்டும் உற்றுப் பார்த்தேன். அதன் ஓரங்கள் மற்ற இடங்களைவிட நேராக, டேப் ஒட்டி அடித்தாற்போல் இருந்தன. கதவுக்குப் புதிய பெயின்ட் அடித்தவர் அழிந்துபோன கோட்டையும் தன் வழியில் போட்டு முடித்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கோடு. அடியிலோ இரண்டு வேறு பெயின்ட் வேலைகள்.

அடுத்த சோதனை கரைப்பானுக்கு எது தாங்கும் என்பது. தொழிற்சாலையில் அடுப்பில் சுட்ட கிளியர் கோட்டும், பட்டறையில் இறுக்கும் திரவமான ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியர் கோட்டும் குறுக்குப் பிணைப்பால் இறுகியவை; சில நொடிகள் தின்னர் பட்டால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஹார்டனர் இல்லாமல் காற்றில் ஆறி இறுகும் கிளியர் அப்படியல்ல. கரைப்பான் பறந்துபோனதால் இறுகிய அது, கரைப்பான் திரும்பி வந்தால் இளகிவிடும். தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு கதவின் உள்விளிம்பிலும் 10 நொடி அழுத்தி வைத்து எடுத்தேன். மூன்று கதவுகளில் மாற்றம் ஏதுமில்லை. இடது பின்கதவில் துணி சற்று ஒட்டிக்கொண்டு வந்தது. எடுத்த இடத்தில் பளபளப்பு மங்கி, துணியின் நெசவு அச்சாகப் பதிந்திருந்தது. அந்தக் கதவில் தின்னர் தொடக்கூடாது என்பது அந்த நெசவுத் தடத்தோடு முடிவாயிற்று.

இந்தக் கட்டத்தில், பெயின்ட் வேலையில் நரைத்துப்போன ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் கோட்டின்மேல் நகத்தை ஒருமுறை ஓட்டிவிட்டு, “கோட்ட எடுத்துரலாம் தம்பி. தடத்த எடுக்கறதுதான் வேலை” என்றார். அதன் முழுப்பொருள் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது.

ஓரத்தில் செய்து பார்த்தவை

வலது பக்கக் கோட்டின் பின்முனை, கண் எளிதில் போகாத இடம். வண்டியைக் கழுவி, அழுக்கை ஒற்றியெடுக்கும் களிமண் போன்ற கிளே கட்டியால் தாரையும் இரும்புத் துகள்களையும் எடுத்த பிறகு, அந்த முனையை 5 செ.மீ. நீளத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, மென்மையானதில் தொடங்கி ஒவ்வொன்றாக முயன்றேன்.

சூடு கோட்டைச் சற்று இளக்கியதோடு சரி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எதுவும் செய்யவில்லை. மினரல் டர்பன்டைன் இரண்டு நிமிடம் ஊறியும் துணியில் லேசான சந்தன நிறம் மட்டும் ஒட்டியது. இது எதிர்பார்த்ததே. கோடு வரையப் பயன்படும் ஆல்கைட் எனாமல் டர்பன்டைனால் நீர்க்கச் செய்யப்படுவது உண்மைதான். ஆனால் வரைந்த பிறகு அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. காயும்போது வலைபோலப் பின்னிக்கொண்ட அந்தப் படலம், தன்னை நீர்க்கச் செய்த அதே திரவத்தில் திரும்பக் கரைவதில்லை.

உரசிப் பளபளப்பாக்கும் பசையான காம்பவுண்டைத் துணியில் எடுத்து விரலால் தேய்த்தபோது கோடு மெலிந்தது, ஆனால் ஐந்து நிமிடத் தேய்ப்பில் கோட்டைச் சுற்றியிருந்த இடமும் அதே அளவு தேய்ந்தது. விரல் மெத்தென்றிருப்பதால் மேட்டில் மட்டும் நில்லாமல் பள்ளத்துக்கும் இறங்குகிறது. மூன்றரை மீட்டர் நீளத்துக்கு இதைச் செய்வது, 25 மைக்ரான் கோட்டை எடுப்பதற்காகக் கிளியர் கோட்டில் ஒரு வாய்க்கால் வெட்டுவதற்குச் சமம்.

பலன் தந்தவை இரண்டு. முதலாவது, அடுப்பு சுத்தம் செய்யும் நுரை. அதிலுள்ள காஸ்டிக் சோடா ஆல்கைட் எனாமலின் எண்ணெய்ப் பிணைப்புகளை உடைத்துச் சோப்பாக மாற்றுகிறது. சோப்புக் காய்ச்சுவதும் இதே வேதிவினைதான். மூன்று நிமிடத்தில் கோடு கூழாகித் துணியோடு வந்துவிட்டது. இதைக் கைவைத்தியமாகப் பலர் சொல்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இருந்தும் இரண்டு காரணங்களால் அதைக் கைவிட்டேன். நுரை பட்ட இடத்தில் கிளியர் கோட்டின் பளபளப்பு ஒரு படி குறைந்திருந்தது. தவிர, கோட்டுக்கு ஒரு கையகலம் மேலே, கண்ணாடியின் கீழ்விளிம்பு நெடுக அலுமினியப் பட்டை (மோல்டிங்) ஓடுகிறது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து வெள்ளை பூக்கச் செய்யும். அந்தக் கறை பாலிஷுக்கு எளிதில் போகாது. நுரையோ சொன்ன இடத்தில் நிற்காது, வழியும்.

இரண்டாவது, பட்டறைகளில் என்.சி. தின்னர் என்று அழைக்கப்படும் லாக்கர் தின்னர். நனைத்த துணியைக் கோட்டின்மேல் 20 நொடி வைத்ததும் எனாமல் உப்பிச் சுருங்கி, பால் ஆடைபோல மடிப்பு விழுந்தது. எனாமல் இங்கேயும் கரையவில்லை. தின்னரைக் குடித்துப் பருத்து, கீழேயுள்ள கிளியர் கோட்டிலிருந்து பிடி விட்டது. பிளாஸ்டிக் பிளேடால் தள்ளியபோது நாடாபோல வந்தது. கீழே கிளியர் கோட் தெளிவாக இருந்தது.

வலது பக்கமும் இடது முன்பகுதியும்

வேலை நிழலில், தகடு தொட்டால் குளிர்ந்திருக்கும் நேரத்தில் நடந்தது. சூடான தகட்டில் தின்னர் ஊறுவதற்குள் பறந்துவிடும், பறந்ததை ஈடுகட்ட அதிகமாக ஊற்றத் தோன்றும், அங்கேதான் தவறு தொடங்குகிறது. மாஸ்கிங் டேப்பைக் கோட்டை ஒட்டி ஒட்டாமல் 2 செ.மீ. தள்ளி ஒட்டினேன், ஒட்டி வைத்தால் தின்னர் டேப்பின் அடியில் இழுத்துக்கொண்டு போய், பசையைக் கரைத்து, துடைக்க முடியாத இடத்தில் தேங்கி நிற்கும். கதவுப் பீடிங், கைப்பிடி, மோல்டிங் ஆகியவற்றுக்கு மட்டும் இரண்டு அடுக்கு டேப்பும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளும். ரப்பரும் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக்கும் தின்னரைத் தாங்காது.

துணியை விரலகலத்துக்கு மடித்து, ஓரத்தை மட்டும் நனைத்து, 15 செ.மீ. நீளத்துக்கு வைத்து, 20 முதல் 30 நொடி காத்து, பிளேடால் தள்ளி, உடனே சோப்பு நீர்த்துணியால் துடைத்து, அடுத்த துண்டுக்கு நகர்வது. ஒவ்வொரு துண்டுக்கும் துணியின் புதிய மடிப்பு. பழைய மடிப்பையே பயன்படுத்தினால் இளகிய சந்தன வெள்ளை அருகிலுள்ள நீலத்தில் பூசிக்கொண்டு, காய்ந்ததும் இன்னொரு கோடாக நிற்கும். ஒரே வைப்பில் வராத இடத்தை அப்போதே மறுபடி நனைக்காமல், பத்து நிமிடம் ஆறவிட்டுத் திரும்பி வந்தேன். கிளியர் கோட் தின்னரைத் தாங்கும் என்பது குறுகிய நேரத்துக்குச் சொல்லும் பேச்சு. ஊறிக்கொண்டே இருந்தால் அதுவும் உப்பும்.

கதவுகளின் ஓரத்தில் வரைந்தவர் தூரிகையை உள்விளிம்பில் 3 மி.மீ. மடக்கியிருந்தார். விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெல்லியதாகவே நிற்கும் என்பதால் அங்கே பிளேடு போடவில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தின்னரில் தொட்டு, உருட்டி உருட்டி எடுத்தேன். இந்த விளிம்புகளுக்கு ஆன நேரம் ஒரு முழுக் கதவுக்கு ஆன நேரத்தைவிட அதிகம்.

கைக்கு அணிந்த நைட்ரைல் கையுறையை மூன்று துண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. தின்னரிலுள்ள அசிட்டோன் வகைக் கரைப்பான்கள் அந்தக் கையுறையை விரைவிலேயே ஊடுருவிவிடும். விரல் நுனி குளிர்ந்தால் உள்ளே வந்துவிட்டது என்று பொருள். கரைப்பான் ஆவிக்கான கேட்ரிட்ஜ் முகமூடியும் கண்ணாடியும் அணிந்து, திறந்த வெளியில், தீப்பொறி எதுவும் இல்லாமல் வேலை செய்தேன். தூசிக்கு அணியும் முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது. நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல் விரித்துக் காயவிட்டேன்.

வலது பக்கம் முழுவதும் 1 மணி 40 நிமிடம். கை தடுமாறிய இடம் மற்ற இடங்களைப் போலவே 20 நொடியில் போனது. இத்தனை நாள் உறுத்தியது இவ்வளவு எளிதாகப் போனதில் சிறு ஏமாற்றம்கூட இருந்தது.

இடது பின்கதவு

இங்கே தின்னரும் கூடாது, காஸ்டிக் சோடாவும் கூடாது. மிச்சம் இருந்தது உரசி எடுப்பது மட்டுமே. விரலின் மெத்தென்ற தன்மைதான் முந்தைய சோதனையில் சிக்கலாக இருந்தது என்பதால், 15 மி.மீ. அகலமுள்ள கடினமான அழிரப்பர் துண்டு ஒன்றில் 2000 எண் வாட்டர் பேப்பரை (நனைத்து உரசும் மிக நுண்ணிய உப்புத்தாள்) சுற்றிக்கொண்டேன். தட்டையான, வளையாத அடி இருந்தால் தாள் மேட்டை மட்டும் தொடும். கோடு இங்கே 18 மைக்ரான் மேடு. சோப்பு நீரில் தாளைப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, எடையே கொடுக்காமல், கோட்டின் நீளவாக்கில் உரசினேன். பத்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்துப் பார்த்ததில், கோடு முதலில் மங்கி, பிறகு நடுவில் உடைந்து, கடைசியில் சந்தன வெள்ளைத் தீவுகளாக நின்றது. தீவுகள் தெரிந்தவுடன் 2000-ஐ நிறுத்தி, அதைவிட நுண்ணிய 3000-க்கு மாறினேன். அவற்றை எடுக்க வேண்டியது காம்பவுண்டின் வேலை. வாட்டர் பேப்பரால் கடைசித் தீவுவரை துரத்தினால் இரண்டு தீவுகளுக்கு நடுவிலுள்ள கிளியர் கோட்டை நாம் வெறுமனே அறுத்துக்கொண்டிருப்போம்.

கதவின் நான்கில் மூன்று பங்கு இப்படியே நன்றாக முடிந்தது. தவறு நடந்தது பின்கோடியில். அங்கே கதவின் மடிப்புக் கோடு சற்றே மேலேறி, பெயின்ட் கோட்டை 6 செ.மீ. நீளத்துக்குத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. மடிப்பின் முதுகில் பெயின்ட் மெல்லியது என்பது எனக்குத் தெரிந்ததே. அங்கே டேப் ஒட்டியிருக்க வேண்டும். தீவு ஒன்று போகாமல் நின்றதால் நாலைந்து இழுப்பு கூடுதலாக இழுத்தேன். உரசிய நீர் வெள்ளையாகவே வடிந்துகொண்டிருந்தது. நான் கவனிக்கத் தவறியது இதுதான்: சந்தன வெள்ளை எனாமல் உரசும்போதும் நீர் வெண்மையாக வடியும், நிறமே இல்லாத கிளியர் கோட் உரசும்போதும் நீர் பால்போல வெண்மையாகவே வடியும். கோடு முடிந்து கிளியர் தொடங்கியதை அந்த நீர் சொல்லாது. அது சொல்லும் முதல் செய்தி நீல நிறம், அப்போது கிளியர் முடிந்து பேஸ் கோட் தொடங்கியிருக்கும். துணியில் நீலம் தெரிந்தபோது மடிப்பின்மேல் 6 மி.மீ. நீளத்தில், அரிசி அளவில், மங்கிய புள்ளி ஒன்று உருவாகியிருந்தது.

கனமானி அந்த இடத்துக்கு அருகில் அப்போதும் 238 காட்டியது. அந்தக் கருவி தகட்டிலிருந்து மேற்பரப்புவரை உள்ள மொத்தத்தைச் சொல்கிறது. அதில் கிளியர் எவ்வளவு, பழைய பெயின்ட் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில்லை. மறுபடி பெயின்ட் அடித்த கதவில் பெரிய எண்ணைப் பார்த்து, இடம் தாராளமாக இருக்கிறது என்று மனம் சொல்லிக்கொள்வது இயல்பு. கீழே பழைய பெயின்ட் நான்கு அடுக்காகக் கிடக்க, மேலே அடித்த கிளியர் ஒல்லியாக இருந்திருக்கிறது. புள்ளிக்கு வண்டியின் நிற எண்ணுக்குரிய டச்சப் பெயின்ட்டும் மேலே கிளியரும் பல்குத்தும் குச்சியின் முனையால் வைத்தேன். நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்ந்து பார்த்தால் மெட்டாலிக் துகள் அங்கே வேறு திசையில் மின்னுவது தெரியும்.

தடம்

மறுநாள் காலை வண்டியை வெயிலுக்குக் கொண்டுவந்தபோது கோடுகள் மறுபடி அங்கே இருந்தன. சந்தன வெள்ளையாக இல்லை. சுற்றியிருந்த நீலத்தைவிட ஆழமான, ஈரம் போன்ற நீலத்தில், அதே அகலத்தில், அதே இடைவெளியில், தடுமாறிய இடம்கூட அப்படியே. பெயின்டர் சொன்ன தடம் இதுதான்.

பார்த்ததும் கோடு கிளியர் கோட்டுக்குள் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. கோட்டின் அடியில் இருந்த கிளியர் கோட், வண்டியின் பிற பகுதிகள் பட்டதை எதையும் படவில்லை. ஆண்டுக்கணக்கில் கழுவிய துணியின் நுண்கீறல்கள், நீர்த்துளி காய்ந்த உப்புத்தடங்கள், பறவை எச்சத்தின் அரிப்பு, வெயிலின் புற ஊதாக்கதிர் எல்லாவற்றிலிருந்தும் எனாமல் அதை மூடிக் காத்திருக்கிறது. தடம்தான் வண்டியின் உண்மையான நிறம். பழுதானது சுற்றியுள்ள இடம். இப்படிப் பார்த்தால் செய்ய வேண்டிய வேலையும் தலைகீழாகிறது. தடத்தைத் தேய்ப்பதில் பயனில்லை, சுற்றியுள்ளதைத் தடத்தின் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

தடம் ஒன்றுபோல் தெரிந்தாலும் அதில் மூன்று பங்குகள் இருந்தன, ஒவ்வொன்றும் வேறு விதமாகவே போனது. முதல் பங்கு பளபளப்பு வேறுபாடு. தின்னர் முழுவதும் வெளியேற ஒரு நாள் விட்டு, டூயல் ஆக்ஷன் பாலிஷரில் மைக்ரோஃபைபர் பேடும் காம்பவுண்டும் கொண்டு கோட்டின் இருபுறமும் கையகலம் சேர்த்துப் பஃபிங் செய்தேன்; அடுத்து மென்மையான ஃபோம் பேடில் ஃபினிஷிங் பாலிஷ். இரண்டு சுற்றில் தடத்தின் பெரும்பகுதி போயிற்று. கனமானி 114 காட்டிய இடம் 112-க்கு இறங்கியிருந்தது.

போயிற்று என்று நம்பியது ஒரு மணி நேரம்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து துடைத்ததும், மங்கலாக மறுபடி தெரிந்தது. பாலிஷில் உள்ள எண்ணெய் நுண்கீறல்களை நிரப்பிப் பொய்ப் பளபளப்பு கொடுக்கும். எண்ணெய் போனால் உள்ளது உள்ளபடி தெரியும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் துடைத்துப் பார்க்காமல் முடிந்துவிட்டது என்று சொன்னால், இரண்டு மூன்று கழுவலில் வண்டியே அதை மறுத்துவிடும்.

இரண்டாவது பங்கு மட்ட வேறுபாடு. சுற்றியுள்ள கிளியர் கோட் வெயிலாலும் கழுவலாலும் மிகச் சிறிதளவு தேய்ந்திருக்க, கோட்டின் அடி தேயாமல் மேடாக நின்றது. நகத்துக்கு அது தட்டவில்லை, கனமானியின் பிழை எல்லைக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆனால் டியூப்லைட்டின் பிம்பத்தைக் கதவில் விழச்செய்து தலையை மெல்ல நகர்த்தினால், நேரான வெள்ளைக்கோடு தடத்தைக் கடக்கும்போது நூலில் முடிச்சு விழுந்ததுபோல் சற்றே ஆடியது. மெத்தென்ற பேடு இதை எடுக்காது, மேட்டோடு மேடாக ஏறி இறங்கிவிடும். வலது பக்கக் கதவுகள் இரண்டிலும் அதே அழிரப்பரில் 3000 எண் தாளைச் சுற்றி, கோட்டுக்கு 45 பாகைச் சாய்வில், இடத்துக்கு எட்டு இழுப்பு மட்டும் உரசி, மறுபடி பஃபிங் செய்தேன். பிம்பம் நேராயிற்று. 112 இருந்த இடம் 109. அதற்கு மேல் போகவில்லை. கிளியர் கோட்டில் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் சேர்மங்கள் கலந்திருக்கின்றன. கனம் குறையக் குறைய அந்தக் காப்பும் குறைகிறது. கோட்டின் நிழலுக்காக வண்டியின் குடையை மெலிதாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இடது பக்கத்தில், அரிசிப்புள்ளியின் நினைவு பசுமையாக இருந்ததால், இந்த உரசலை முயலவே இல்லை.

மூன்றாவது பங்கு பேஸ் கோட்டின் நிறமே வெளுத்திருப்பது. இதற்கு மேலிருந்து செய்யக்கூடியது எதுவுமில்லை, நிறம் கிளியருக்குக் கீழே இருக்கிறது. அடர்நீலத்தில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. சிவப்பு வண்டியாக இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும், சில சிவப்பு நிறமிகள் வெயிலில் மற்றவற்றைவிட எளிதாக வெளுக்கும். கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றை அடுக்குப் பெயின்டாக இருந்தால் நிலைமை இன்னும் வேறு. அங்கே வெளுப்பு மேற்பரப்பில் மாவுபோல நிற்பதால் பாலிஷ் அதை நேரடியாகவே எடுத்துவிடும், துணியில் வண்டியின் நிறம் ஒட்டும், தடமும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். இந்த ஒரு விஷயத்தில் பழைய பெயின்ட் புதியதைவிட இரக்கமுள்ளது.

தடத்தை எடுக்க ஆனது மொத்தம் இரண்டு முழு நாட்கள். கோட்டை எடுக்க ஆனது, அந்த ஒரு கதவையும் சேர்த்து, ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. வேலை தொடங்குமுன் யாராவது கேட்டிருந்தால் இந்தக் கணக்கை நேர்மாறாகச் சொல்லியிருப்பேன்.

இதற்கிடையில் எளிய வழி ஒன்றும் சொல்லப்பட்டது: தடத்தின்மேலேயே அதே அகலத்தில் புதிய ஸ்டிக்கர் கோடு ஒட்டிவிடுவது. தடம் பிடிவாதமாக நிற்கும் வெளிறிய வண்டிகளுக்கு அது நியாயமான தீர்வுதான். மறு பெயின்ட்டோடு ஒப்பிட்டால் வண்டிக்கு எந்தக் கேடும் இல்லை. கோடு வேண்டாம் என்பதற்காகத் தொடங்கிய வேலையைக் கோட்டில் கொண்டுபோய் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து

வேலை முடிந்தவுடன் இரண்டு பக்கங்களுக்கும் காப்புப் பூச்சான சீலன்ட் பூசினேன். அதன்பின் வண்டி திறந்த வெளியிலும் கூரையடியிலுமாக மாறி மாறி நின்றிருக்கிறது. வலது பக்கத்தில் நேர் வெயிலில் எதுவும் தெரிவதில்லை. மாலைச் சாய்வெயிலில், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண்ணுக்கு முன்கதவின் மேல்பகுதியில் மட்டும் ஒரு நிறச்சாயல் தெரியும். வண்டியைப் பார்த்த மூவரில் ஒருவரும் தாமாக அதைக் கண்டுபிடிக்கவில்லை. இடது பின்கதவில் டச்சப் வைத்த புள்ளி அப்படியே இருக்கிறது. கிளியர் உரியவில்லை, ஆனால் அந்தக் கதவின் கிளியர் தொடக்கத்திலேயே மெல்லியது என்பதால் அடுத்த பெயின்ட் வேலையில் முதலில் அந்தக் கதவைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பனி இறங்கிய விடியலில் மட்டும், இடது முன்கதவில், நீர் பூத்திருக்கும் மங்கலுக்கு நடுவே இரண்டு கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன, ஒன்று தடித்தது, ஒன்று மெல்லியது. அங்கே பனித்துளி வேறு அளவில் படிகிறது. வெயில் ஏறிப் பத்து நிமிடத்தில் பனியோடு அவையும் போய்விடுகின்றன.